தொண்ணூறு வயதில் கிணறு வெட்டிய பாட்டனார்

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டு மூதாதையர் ஒருவரின் வாழ்வைப் பரணில் கிடக்கும் சாதக ஓலை, கிரயப் பத்திரம் ஆகியவற்றைக்கொண்டு எழுதப் புகுவோர் முதலில் இடறுவது ஆண்டுப் பெயரில்தான். பிரபவ முதல் அட்சய வரை அறுபதாண்டுக்கு ஒருமுறை திரும்பும் சுழற்சியில் ‘சித்திரபானு’ என்பது 1822 ஆகவும் இருக்கலாம், 1882 ஆகவும் இருக்கலாம். பாட்டனார் பெயரையே பேரனுக்கு இடும் வழக்கமும் சேர்ந்துகொள்வதால், இருவரும் ஒருவராகி, தொண்ணூறு வயதில் கிணறு வெட்டி, மறுமணமும் செய்துகொண்ட வீரர் ஒருவர் குடும்ப வரலாற்றில் உதித்துவிடுகிறார். நிலவரிக் கணக்குக்குரிய பசலி ஆண்டோடு (590 கூட்டினால் ஏறத்தாழ ஆங்கில ஆண்டு கிடைக்கும்) ஒப்பிட்டால் குழப்பம் தீரும் என்றாலும், தீர்க்க எவரும் அவசரப்படுவதில்லை. நன்செய் வாங்கியவர் நேர்ப் பாட்டனார் என்றும், கடன் பத்திரத்தில் கைநாட்டு வைத்தவர் அதே பெயருடைய பங்காளி என்றும் பிரித்தறியும் நுட்பம் மட்டும் எல்லாக் குடும்பங்களுக்கும் தவறாமல் வாய்த்திருக்கிறது.