ஓடிஜி அக்கா

கேக் வேண்டாம் என்று அவரிடம் சொல்லித் தப்பிக்க முடியாது. முட்டை சாப்பிட மாட்டேன் என்றால் “எக்லெஸ்தாங்க” என்பார். சுகர் இருக்கிறது என்றால் “நாட்டுச்சர்க்கரை போட்டதுதான்” என்பார். இன்றைக்கு விரதம் என்று சொல்லிப் பார்த்தவர் வீட்டு வாசலில் மறுநாள் காலை ஆறரை மணிக்கு டப்பா வந்து நின்றது.

சென்னை அடுக்ககங்களில் பிளாக்குக்கு ஒருவராவது இந்த ஓடிஜி அக்கா இருப்பார். 2020 ஊரடங்கில் உருவானவர். அதுவரை கல்யாணப் பரிசாக வந்த ஓடிஜி என்ற மின் அடுப்புக்குள் மூடி தொலைந்த பிளாஸ்டிக் டப்பாக்கள் குடியிருந்தன. முதல் கேக்கைக்கூட அவர் அதை நம்பிச் செய்யவில்லை. குக்கரின் அடியில் உப்பைப் பரப்பி, கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு வேகவைத்தார். கேக் எழும்பிவிட்டது. அன்று மாலையே வாட்ஸ்அப் குழுவில் விலைப்பட்டியலும் வந்துவிட்டது.

வெறும் வெனிலாவுக்கு மரியாதை இல்லை என்று புரிந்ததும் சாக்கோ சிப்ஸ் நுழைந்தது. வெட்டிப் பார்த்தால் மேலே ஒன்றுகூட இல்லை. மொத்தமும் அடியில் போய்ப் படிந்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் முகம் வாடியிருக்கும். அக்கா கேக்கைத் தட்டில் கவிழ்த்து வைத்தார். “இது சாக்கோ டாப். புது டிசைன்.”

அவர் சமையலறையில் தவறு என்று ஒன்று நடந்ததே இல்லை. நடுவில் குழி விழுந்தால், அது கிரீம் நிரப்ப விட்ட இடம். ஓரம் கருகினால் கேரமல் ஃப்ளேவர். உள்ளே வேகாமல் இருந்தால் லாவா கேக். அதற்குத் தனியாக 30 ரூபாய்.

சிப்ஸ் மூழ்காமலிருக்க அவரிடம் ஒரு கைவைத்தியம் உண்டு. ஒரு ஸ்பூன் மைதாவில் புரட்டிப் போடுவார். சிப்ஸும் பவுடர் பூசிக்கொண்டு, போன வழியிலேயே மறுபடி அடிக்குப் போகும். கோளாறெல்லாம் மாவின் பதத்தில். எக்லெஸ் என்று பாலையும் தயிரையும் தாராளமாக ஊற்றி தோசை மாவுப் பதத்துக்குக் கரைத்துவிடுகிறார். அது ஓடிஜி சூட்டில் இன்னும் இளகி, வெந்து இறுகுவதற்குள் சிப்ஸ் தரைதட்டிவிடுகிறது. மாவு கெட்டியாக இருந்தால் பிடித்துக்கொள்ளும். பொடி சிப்ஸாக வாங்கினாலும், பாதியைக் கடைசியில் மேலே தூவினாலும் பலன் உண்டு. இதை ஆறாவது மாடி மாமி ஒருமுறை எடுத்துச் சொன்னார். “அதெல்லாம் பழைய மெத்தட் மாமி” என்று பதில் வந்தது. மாமி இப்போது லிஃப்டில் அக்கா இருந்தால் படியேறுகிறார்.

அவர் ஃபிரிட்ஜில் இரண்டு பாக்கெட் சிப்ஸ் இருக்கும். ஒன்று கோக்கோ வெண்ணெய் சேர்ந்த நிஜ சாக்லேட். கோக்கோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும் என்பதால், சித்திரை மாதத்தில் கடையிலிருந்து வீடு வருவதற்குள் பாக்கெட் குழைந்துவிடும். இன்னொன்று காம்பவுண்ட். அதில் கோக்கோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு, விலையும் குறைவு. காசு கொடுப்பவர்களுக்கு முதலாவது, அக்கம்பக்கத்துக்கு இரண்டாவது. ராத்திரி பதினோரு மணிக்கு ஃபிரிட்ஜைத் திறக்கும் வீட்டுக்காரருக்கு மட்டும் இந்த வித்தியாசம் துல்லியமாகத் தெரியும்.

அக்காவுக்கு சாக்கோ சிப்ஸின் வரலாறும் தெரியும். “அமெரிக்காவுல ஒரு லேடி தெரியாத்தனமா சாக்லேட்டை உடைச்சு மாவுல போட்டுட்டாங்களாம். அப்படி வந்ததுதாங்க இது!” அந்த லேடி, 1930களில் மாசசூசெட்ஸில் டோல் ஹவுஸ் விடுதியை நடத்திய ரூத் வேக்ஃபீல்டு. மனையியல் படித்தவர், தெரிந்துதான் போட்டார். போட்டதும் கெட்டியான குக்கீ மாவில். அதனால் துண்டுகள் போட்ட இடத்திலேயே நின்றன. பாவம் அந்த அம்மாள், திட்டம் போட்டுச் செய்ததை ஊரே விபத்து என்கிறது. நம் அக்காவுக்கு நடந்த விபத்துகள் அத்தனையும் திட்டம்.

போன மாதம் மூன்றாவது மாடியில் பிறந்தநாள். ஒரு கிலோ, ‘லோடட் சாக்கோ சிப்’. குழந்தை தன் துண்டைத் தலைகீழாகத் திருப்பி, அடியிலிருந்த சிப்ஸை மட்டும் நோண்டித் தின்றுவிட்டு கேக்கை அப்படியே வைத்துவிட்டது. அதன் அம்மாவுக்குச் சங்கடம். அக்காவுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

“பார்த்தீங்களா? குழந்தைங்க எடுக்கறதுக்கு ஈஸியா இருக்கட்டும்னுதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல வச்சேன்.”