கூண்டு நைனா

ஐப்பசி பிறந்ததும் திருவொற்றியூர்த் தேரடிக்கு அருகிலுள்ள தேநீர்க் கடையின் வாசல் பெஞ்சில், எந்த அரசாங்கமும் நியமிக்காத, எவரும் சம்பளம் கொடுக்காத, ஆயினும் எவராலும் நீக்க முடியாத ஓர் உத்தியோகஸ்தர் பதவி ஏற்றுக்கொள்கிறார். சித்திரை முதல் புரட்டாசி வரையில் அவர் சாமானிய மனிதர். பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருவதும், ரேஷன் கடையில் வரிசை பிடிப்பதும், பனியனோடு வாசற்படியில் உட்கார்ந்து வழிப்போக்கர்களை மேற்பார்வை பார்ப்பதுமாக அவர் காலம் கழியும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது என்று நுங்கம்பாக்கத்து வானிலை மையம் அறிவித்த மாத்திரத்தில், பனியனுக்கு மேல் சட்டை ஏறும். சட்டைப் பையில் ஒரு சிறு நோட்டும் பால்பாயிண்ட் பேனாவும் ஏறும். அன்று முதல் பொங்கல் வரையில் ஆகாயத்திலும் அதன் கீழேயும் நிகழும் சகல விவகாரங்களுக்கும் அவரே பொறுப்பாளி. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையில் தெருவுக்கு ஒருவராவது இந்த ஜாதியார் உண்டு. எங்கள் தெருக்காரருக்குப் பெற்றோர் இட்ட நாமதேயம் ரேஷன் கார்டோடு நின்றுவிட்டது; ஊர் அறிந்த பெயர் கூண்டு நைனா.

துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி எண்ணிக் குறித்தே முப்பது வருஷங்களுக்கு மேல் ஜீவனம் செய்தவருக்கு, மூட்டைகள் போன பிறகும் எண்ணும் பழக்கம் போகவில்லை. துறைமுகக் கம்பத்தில் பகலில் கூம்பும் உருளையுமாக, இரவில் சிவப்பும் வெள்ளையுமான விளக்குகளாக ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் பதினோர் எண்களும் அவருக்கு மனப்பாடம். ஒன்றும் இரண்டும் எங்கோ தூரத்துக் கடலில் உள்ள ஆபத்தைச் சொல்வன; மூன்றும் நான்கும் ஆபத்து நம் துறைமுகத்துக்கே வரக்கூடும் என்பன; ஐந்து என்றால் புயல் துறைமுகத்தை இடப்புறம் விட்டுக் கரை கடக்கும், ஆறு என்றால் வலப்புறம் விட்டுக் கடக்கும், ஏழு என்றால் தலைமேலேயே கடக்கும்; எட்டு, ஒன்பது, பத்து ஆகியவை அதே மூன்று நிலைகளும் உக்கிர ரூபம் கொண்டவை; பதினொன்று என்றால் வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

இவ்வளவு அருமையான சாஸ்திரத்தைக் கப்பல்காரர்களுக்கு மட்டும் விட்டுவைப்பது தர்மம் அல்ல என்று கருதியோ என்னவோ, நைனா அதை இல்லறத்துக்கும் விஸ்தரித்துவிட்டார். மூன்றாம் வீட்டு மாமியார் விழுப்புரத்தில் பஸ் ஏறிவிட்டாள் என்று கேள்விப்பட்டால், "அவங்க வூட்ல ரெண்டாம் நம்பர் ஏத்தியாச்சு" என்பார். மாமியார் பெட்டியோடு வாசலில் இறங்கினால் மூன்று. சச்சரவு மூண்டு, மருமகள் தாய்வீட்டுக்குப் போவாளா, மாமியார் ஊர் திரும்புவாளா என்பது ஐந்துக்கும் ஆறுக்கும் உரிய பிரச்சினை. புருஷனும் பெண்சாதியும் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்ட வீடுகளுக்குப் பதினொன்று. தெருவில் எந்த வீட்டில் எந்தக் கூண்டு ஏறியிருக்கிறது என்பதைத் தேநீர் குடிக்க வருகிறவர்கள் வானிலையைக் கேட்பதற்கு முன்பே கேட்டுக்கொள்வது வழக்கம்.

அவருடைய பிரதானக் கருவி மூக்கு. மற்ற ஊர்களில் காற்றின் திசையறியக் கோபுரத்தின் உச்சியில் சேவல் வைப்பார்கள் என்று கேள்வி. வடசென்னைக்கு அந்தச் செலவு அநாவசியம். எரிவாயு நெடி அடித்தால் காற்று மணலியிலிருந்து, அதாவது மேற்கிலிருந்து வருகிறது. மீன் கவிச்சி அடித்தால் காசிமேட்டிலிருந்து, தெற்குக் காற்று. சாம்பல் பொடி மூக்கை அறுத்தால் அனல் மின் நிலையங்கள் இருக்கும் வடக்கு. ஒன்றுமே நாறவில்லை, உப்பு மட்டும் உதட்டில் ஒட்டுகிறது என்றால் கிழக்கே கடலிலிருந்து கொண்டல் வீசுகிறது, குடையை எடுத்துக்கொள்ளலாம். விடியற்காலையில் கடைவாசலில் நின்று, கண்ணை மூடி, இரண்டு நாசியும் விரிய மூச்சை இழுத்து, சற்றே தாமதித்து, பிறகு தீர்ப்புச் சொல்லும் நைனாவைப் பார்த்தவர்கள், சுவாசம் என்பது இவ்வளவு பொறுப்புள்ள காரியமா என்று வியந்து நிற்பார்கள்.

புயலை அவர் அஃறிணையில் பேசி யாரும் கேட்டதில்லை.

"இன்னா நைனா, மழை கீதா?"

"அவன் இன்னும் அந்தமான் பக்கம்தான் குந்திக்கினுகீறான். நாளைக்கு எழுந்துப்பான். வெள்ளிக்கிழமை நம்மாண்ட வந்துடுவான், நீ வோணா பாரு."

காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல் என்று அரசாங்கத்தார் படிப்படியாக அளக்கும் வளர்ச்சியை, தவழ்கிறான், நிற்கிறான், நடக்கிறான், ஓடுகிறான் என்று அவர் பெற்ற பிள்ளையின் வளர்ச்சியாகவே வர்ணிப்பார். பெயர் சூட்டும் உரிமை பதின்மூன்று நாடுகளின் கையில் போய்விட்டதில் அவருக்கு வருத்தம் உண்டு. 2020-இல் அந்நாடுகள் சேர்ந்து 169 பெயர்களைப் பட்டியலிட்டு வெளியிட்டபோது, காசிமேட்டுக்காரர் ஒருவரையாவது கலந்தாலோசித்தார்களா என்பது அவர் கேள்வி. 2022-இல் ஐக்கிய அரபு நாட்டார் வைத்த மாண்டஸும், 2023-இல் மியான்மர் வைத்த மிக்ஜாமும் அவர் வாயில் நுழைவதற்குள் கரை கடந்துவிட்டன. 2024-இல் சவூதி அரேபியா கொடுத்த ஃபெஞ்சல் என்ற பெயரை மட்டும் முதல்முறை கேட்டபோதே அங்கீகரித்தார்: "பெஞ்சல்னு பேரு வெச்சிட்டு பெய்யாம பூடுவானா?" அந்த நவம்பர் 30-ஆம் தேதி சென்னையை நனைத்துவிட்டுப் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்து, அவ்வூரையே வெள்ளக்காடாக்கிய புயல் அது. ஆக அவர் சொன்னவற்றில் பலித்தது ஒன்று, அதுவும் பெயர் ராசியால்.

வானிலை மையத்தாரோடு அவருக்குப் பகை கிடையாது; சக உத்தியோகஸ்தர்கள் என்ற மரியாதை உண்டு. மழைக்காலம் தோறும் தொலைக்காட்சியில் தோன்றிப் பள்ளிப் பிள்ளைகளின் பக்திக்குப் பாத்திரமான ரமணன் 2016-இல் ஓய்வு பெற்றபோது, தம் இலாகாவில் மூத்தவர் ஒருவர் போய்விட்டார் என்ற பாவனையில் நைனா அன்று தேநீரை மறுத்ததாகச் சொல்வார்கள். டாப்ளர் ராடார் என்ற கருவியோடோ அவருக்கு உறவே உண்டு. 2002 முதல் அது துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டடத்து உச்சியில்தானே சுழல்கிறது! "நம்ம ஆபீஸ் மாடியில வெச்சிதான் பாக்கறானுங்க" என்று அவர் சொல்லும் தோரணையில், அந்தப் பெரிய உருண்டையைத் தோளில் சுமந்துகொண்டு போய் மாடியேற்றியவரே அவர்தாம் என்று புதிதாக வருகிறவர்கள் நம்பிவிடுவார்கள்.

2024 அக்டோபர் மாதத்து ரெட் அலர்ட்டில் அவருடைய பிராபல்யம் ஒரு சோதனைக்கு உள்ளாயிற்று. 15-ஆம் தேதி மழை பெய்தது வாஸ்தவம். மறுநாள் இன்னும் கொட்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். வேளச்சேரியில் கார் உள்ளவர்கள் மேம்பாலத்தின் மேல் கார்களை வரிசையாக நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். கார் இல்லாத எங்கள் தெருவார், நைனாவின் ஆக்ஞைப்படி அரிசி மூட்டையைப் பரணிலும், சர்ட்டிபிகேட்டுகளைப் பிளாஸ்டிக் பையிலும், மொபெட்டைக் கோயில் திட்டிலும் ஏற்றினார்கள். 16-ஆம் தேதி வானம் சும்மா இருந்தது. 17-ஆம் தேதி விடியலில் தாழ்வு மண்டலம் சென்னைக்கு வடக்கே ஓசைப்படாமல் கரை ஏறிவிட்டது. பரணிலிருந்து அரிசி மூட்டையை இறக்கிய இடுப்புவலியோடு விசாரணைக்கு வந்தவர்களை நைனா அமைதியாக எதிர்கொண்டார்.

"மழை வரும்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்ன."

"இங்க வரும்னு சொன்னேனா?"

இந்த நியாயத்துக்கு மேல் வழக்கு நிற்கவில்லை.

வானத்தைப் பற்றி இவர் சொல்வது இப்படி இருக்க, பூமியைப் பற்றிச் சொல்வது அணுவளவும் பிசகாது என்பதுதான் விசித்திரம். எர்ணாவூர் அக்கா அரக்கோணம் போயிருக்கிறாள், வியாழக்கிழமைதான் திரும்புவாள். காலடிப்பேட்டைத் தையற்காரருக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்று, ஊசியில் நூல் கோக்க இன்னும் பத்து நாள் ஆகும். விம்கோ நகரில் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பஜ்ஜியைத் தொடவில்லை, ஆகையால் சம்பந்தம் கூடாது. கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் ஆதிபுரீசுவரர் கவசம் களைந்து தரிசனம் கொடுக்கும்போது, வரிசை எந்தத் தெரு முனை வரை நனைந்துகொண்டு நிற்கிறது என்பதும், மாலை போட்ட பையன்களில் எவன் மலைக்குப் போவதற்கு முன்பே விரதத்தைக் கைவிட்டான் என்பதும் அவர் அறியாதவை அல்ல. புயல் எச்சரிக்கையால் காசிமேட்டுப் படகுகள் கடலுக்குப் போகவில்லை என்றால், ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரத்தின் விலையைச் சனிக்கிழமையே சொல்லிவிடுவார். அதில் ஐந்து ரூபாய்கூட வித்தியாசம் வராது.

பஞ்சாங்கமும் காலண்டரும் அவருக்கு வேண்டியதில்லை. புயல்களே அவருடைய வருஷப் பெயர்கள். 1966 நவம்பர்ப் புயலில் மெரினாவில் தரைதட்டிய ஸ்டமாட்டிஸ் கப்பலைத் தகப்பனாரின் கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்ததிலிருந்து அவருடைய சரித்திரம் தொடங்குகிறது. தெருவில் ஒரு பிள்ளை 2016 டிசம்பர் 12-ஆம் தேதி, வர்தா மரங்களைச் சாய்த்துக்கொண்டிருந்தபோது பிறந்தான். வயதைக் கேட்டால் தாய் யோசித்துப் பார்ப்பதற்குள் நைனா, "வர்தாவுல பொறந்தவன், கணக்குப் போட்டுக்கோ" என்று முடித்துவிடுவார். கடன் கொடுத்தவர்களுக்கும் இதனால் பெரிய அனுகூலம். "கஜாவுக்கு முந்தின வாரம் வாங்கின பணம்" என்று அவர் சாட்சி சொன்னால், வாங்கினவன் அதற்குமேல் மறதியைக் காரணம் காட்ட முடியாது.

2023 டிசம்பரில் மட்டும் அந்தப் பெஞ்சு சில நாள் காலியாக இருந்தது. மிக்ஜாம் வெள்ளத்தோடு சுத்திகரிப்பு ஆலை எண்ணெயும் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, படகையும் வலையையும் வீட்டுச் சுவரையும் ஒரே கறுப்பாக்கியது. "தண்ணி வரும்னு நான் சொன்னேன், எண்ணெய் வரும்னு எந்த ரமணன் சொல்லுவான்?" என்றதோடு அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். அந்தக் கறுப்பு காய்வதற்குள், 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டிப் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, எண்ணூர்க் குப்பத்து ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடி வந்தார்கள். நைனா நோட்டும் பேனாவுமாகச் சாலையில் நின்றார். விடிவதற்குள் எந்தக் குடும்பம் எந்த உறவினர் வீட்டில் தங்கியிருக்கிறது, யார் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், யாரைக் காணவில்லை என்று யார் தேடுகிறார்கள் என்பதெல்லாம் அந்த நோட்டில் இருந்தது. மூட்டை எண்ணிய கை எழுதிய கணக்கு.

அவருடைய அதிகாரம் பூரணமாகப் பிரகாசிப்பது பள்ளி விடுமுறை விஷயத்தில்தான். 2011-இல் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டும், 2018 வரையில் திருவொற்றியூர் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருந்தது. அந்த ஏழு வருஷமும், சென்னைக் கலெக்டர் விட்ட லீவு தங்களைச் சேருமா சேராதா என்று அறியாமல் பிள்ளைகள் பட்ட பாடு சொல்லி முடியாது. அப்போது தொடங்கிய பழக்கம், விடியற்காலையில் வந்து, "தாத்தா, லீவா?" என்று அவரையே கேட்டுவிடுவது. சென்ற கார்த்திகையில் ஒரு நாள் நைனா மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "லீவுதான், போய்ப் படுங்க" என்று திருவாய் மலர்ந்தார். பிள்ளைகள் போய்ப் படுத்தார்கள். பளீரென்று வெயில் அடித்தது. பள்ளிக்கூடம் திறந்திருந்தது, வகுப்புகள்தாம் காலி.

மாலையில் டீச்சர் ஒருவர் மடக்கிய குடையும் மடக்காத கோபமுமாகக் கடை வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஐயா, லீவு விடறதுக்கு நீங்க யாரு, கலெக்டரா?"

"கலெக்டர் வருவாரு, மாத்தலாயி போவாரு டீச்சர். நான் இங்கியேதானே கீறேன்."

இதற்கு என்ன மறுமொழி சொல்வதென்று டீச்சருக்குத் தோன்றவில்லை. தேநீர் ஒன்று வந்தது. மறுக்க மனமின்றிக் குடித்தார். கிளாசை வைத்துவிட்டு, போகிறாற்போல இரண்டு அடி வைத்து, திரும்பி, குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்:

"வியாழக்கிழமை எப்படி இருக்கும்?"

"உங்க தங்கச்சி ரிசப்ஷன்தானே? காலடிப்பேட்ட மண்டபம். முன்வாசல்ல எப்பவும் தண்ணி நிக்கும் டீச்சர். பின்னாடி சந்துப் பக்கம் ஒரு கதவு கீது. அதத் தொறந்து வெக்கச் சொல்லி வாட்ச்மேன்கிட்ட நேத்தே சொல்லிட்டேன். சமையல் விறகையும் மேல ஏத்திடுவான்."

"அப்போ மழை வரும்கிறீங்களா?"

"மழையா? சான்ஸே இல்ல."

வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிடித்த மழை இரவு பதினொன்றுக்குத்தான் விட்டது. விருந்தாளிகள் அனைவரும் பின்கதவு வழியாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.