நல்லும் கோசோங்கும்: வெற்றுக் கட்டம் குறித்த ஒரு தேநீர்க்கடை ஆய்வு

ஆய்வுப் பொருள்: தரவுத்தளத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கலாமா, கூடாதா? காலிக்குப் பெயர் 'நல்'. காலி கூடாதென்றால் 'நாட் நல்'. 'நல்' எனத் தொடங்கி இல்லாமையைக் குறிக்கும் சொல் தமிழில் முன்பே உண்டு: நல்குரவு, திருக்குறளின் 105ஆம் அதிகாரம். எனவே இச்சொல் தமிழிலிருந்தே போனது என்று நிறுவ ஆசைதான், இடம் போதாது.

களம்: பினாங்கு லிட்டில் இந்தியா, ஒரு தேநீர்க்கடை.

சான்று 1: "ஒரு தே" என்றால் பாலும் சீனியும் சேர்ந்தே வரும். "தே ஓ" என்றால் பால் போகும். "தே ஓ கோசோங்" என்றால் சீனியும் போகும். 'கோசோங்' மலாயில் சுழியத்துக்கும் வெறுமைக்கும் பொது. ஆனால் கோசோங் என்று சொல்வதும் ஒரு பதில்தான். வாயே திறக்காமல் இருப்பதே நல்.

காட்சி மாறவில்லை, சான்று 2: பக்கத்து நாற்காலிப் பெரியவர் கைபேசியை நீட்டினார். "தம்பி, இந்தப் பாரத்தக் கொஞ்சம் அடிச்சுக் குடுங்க."

'குடும்பப் பெயர்' கட்டத்தருகே சிவப்பு நட்சத்திரம்: காலி கூடாது. அடையாள அட்டையில் அவர் பெயர், 'ஏ/எல்', அப்பா பெயர். இன்னாரின் மகன் என்பதற்கு மேல் எதுவுமில்லை. சாய்கோட்டைப் பாரம் ஏற்கவில்லை. அப்பா பெயரைப் போடட்டுமா என்றேன்.

"அது எங்கப்பா பேரு தம்பி. நான் எப்படி எடுத்துக்கிறது?"

ஒரு புள்ளி வைத்தேன். பாரம் பச்சை காட்டியது. என் பாரங்களிலும் அதே புள்ளிதான்.

கோட்பாடு: தரவுகளை அட்டவணைகளாக உறவுபடுத்தும் முறையை 1970இல் வகுத்தவர் ஐபிஎம்மின் எட்கர் காட். தெரியாததையும் பொருந்தாததையும் சுழியத்தோடும் வெற்று எழுத்தோடும் குழப்பக்கூடாது என்பது 1985இல் அவர் தந்த விதிகளில் மூன்றாவது. 'நாட் நல்'லை நீக்கப் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் ஒரு வரி போதும்: 'ஆல்டர் டேபிள்' என்று தொடங்கி 'டிராப் நாட் நல்' என்று முடியும். திரும்பப் போடுவதுதான் பாடு. ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் தரவுத்தளம் மறுத்துவிடும். புள்ளியை மட்டும் மறுக்காது. அதற்கு அதுவும் ஒரு பெயர்.

முடிவு: இரண்டு நல் சமமா என்று கேட்டால் தரவுத்தளம் ஆம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது, 'தெரியாது' என்று ஒதுங்கிக்கொள்ளும். இரண்டு புள்ளி சமமா என்றால் தயங்காமல் ஆம் என்னும். அந்தக் கணக்கில் பெரியவரும் நானும் 'புள்ளி' குடும்பத்துப் பங்காளிகள்.

தேநீருக்கு அவரே காசு கொடுத்தார்.