படலம் மெலிய மெலிய வாதம் தடிக்கும்: எலக்ட்ரோஸ்டாடிக் ஹெட்ஃபோன் குறித்து ஓர் ஆய்வு

ஹெட்ஃபோன் உலகில் ஒரு விதி செயல்படுகிறது என்பது இவ்வாய்வின் கருதுகோள். உள்ளே அதிரும் படலம் எவ்வளவு மெலிகிறதோ, அதை வைத்திருப்பவர்களின் வாதம் அவ்வளவு தடிக்கிறது. பேருந்து நிலையத்தில் வாங்கிய இயர்ஃபோனில் பாட்டுக் கேட்பவர் அதை முன்னிட்டு எவரோடும் மல்லுக்கு நின்றதாகச் சான்று இல்லை. ஒரு பக்கம் ஊமையானால் வயரை முறுக்கிப் பார்ப்பார். மசியாவிட்டால் வேறொன்று வாங்குவார். ஆய்வுக்கு அங்கே இடமில்லை. எலக்ட்ரோஸ்டாடிக் வைத்திருப்பவரிடம் ஒரு பக்கம் ஊமையானால் அது ஒரு சகாப்தத்தின் தொடக்கம்.

முதலில் பொருள் வரையறை. சாதாரண ஹெட்ஃபோனில் காந்தமும் கம்பிச்சுருளும் உண்டு. சுருள் அசைய, அதோடு ஒட்டிய கூம்பும் அசையும். இங்கே இரண்டும் கிடையாது. தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்றால், இந்தப் பாலியெஸ்டர் படலத்துக்கு ஒன்றிரண்டு மைக்ரான்தான். துளையிட்ட இரண்டு தட்டுகளுக்கு நடுவே, பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர் அளவு இடைவெளி விட்டு, அதை விறைப்பாக இழுத்துக் கட்டியிருப்பார்கள். படலத்தில் நிலையான மின்னூட்டம். தட்டுகளில் பாட்டின் மின்னழுத்தம். ஒன்றில் ஏறும்போது மற்றதில் இறங்கும். ஒரு தட்டு இழுக்க, மற்றது தள்ளும். தலைவாரிய சீப்பு காகிதத் துணுக்கைத் தூக்குகிறதே, அதே விசைதான். அதற்குச் சங்கீதம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவே.

மின்சாரத்தைக் காதில் வைத்துக்கொள்ளத் தகுமோ எனின், தகும் என்க. படலத்துக்கு ஏறும் மின்னழுத்தம் நூற்றுக்கணக்கான வோல்ட் என்றாலும், வழியில் மெகா ஓம் கணக்கில் ஒரு மின்தடை நிற்கிறது. அதைத் தாண்டி வரும் மின்னோட்டம் அற்பம். தட்டுகளும் காதுக்கு எட்டாதபடி காப்பிட்டே இருக்கும். அற்றேல், ஆம்ப்ளிஃபயர் பெட்டியைத் திறந்து கை விடலாமோ எனின், அது வேறு அதிகாரம். உள்ளிருக்கும் மின்தேக்கிகள் ஸ்விட்சை அணைத்த பிறகும் கோபத்தைத் தேக்கி வைத்திருப்பவை.

இந்த வகையின் மூத்த குடி ஜப்பானின் ஸ்டாக்ஸ். 1938இல் தொடங்கிய நிறுவனம். 1960இல் எஸ்ஆர்-1 என்ற முதல் எலக்ட்ரோஸ்டாடிக் ஹெட்ஃபோனை விற்பனைக்கு விட்டது. ஹெட்ஃபோன் என்று சொன்னால் கௌரவக் குறைவு என்று கருதியோ என்னவோ, ‘இயர்ஸ்பீக்கர்’ என்றே இன்றுவரை எழுதிவருகிறது. 2011இல் சீனாவின் எடிஃபயர் அதை வாங்கியது. அமெரிக்காவின் மில்வாக்கியில் காஸ் நிறுவனம் 1990இல் ஈஎஸ்பி/950 என்ற மாதிரியை இறக்கி, அதற்கு ஆயுள்கால உத்தரவாதமும் தந்தது. படலம் ஒரு மைக்ரான், உத்தரவாதம் ஓர் ஆயுள் என்று நிற்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். ஜெர்மனியின் சென்ஹைசர் 1991இல் ஆர்ஃபியஸ் என்ற பெயரில் சுமார் 300 ஜோடி மட்டும் செய்தது. கால் நூற்றாண்டு கழித்து அதன் வாரிசாக வந்த ஹெச்இ 1இன் அறிமுக விலை ஏறத்தாழ 50,000 யூரோ. அதன் ஆம்ப்ளிஃபயர் இத்தாலியின் கராரா பளிங்கில் அமர்ந்திருக்கிறது; ஸ்விட்சைத் தொட்டதும் குமிழ்கள் முன்னே நகர்ந்து வர, எட்டு வால்வுகள் மெல்ல மேலெழ, கண்ணாடி மூடி தானே உயர, கோயிலில் நடை திறப்பதுபோல் காட்சி தருகிறது.

இங்கே கருதுகோளுக்கு ஒரு சோதனை வருகிறது. ஹெச்இ 1இன் படலம் 2.4 மைக்ரான். அதைவிட மெல்லிய படலம் ஸ்டாக்ஸின் எத்தனையோ மடங்கு மலிவான மாதிரிகளில் கிடைக்கிறது. ஆக, விலையோடு மெலிவு ஏறவில்லை. இதற்குக் காரணம் உண்டு. ஒரு மைக்ரான் பாலியெஸ்டர் சதுர சென்டிமீட்டருக்கு 0.14 மில்லிகிராம்தான். அதன் எதிரே ஒரு மில்லிமீட்டர் சொச்சம் காற்று இருந்தால் அதுவும் அதே எடை. படலத்தை இன்னும் சீவினாலும் தள்ளவேண்டிய காற்று குறையப் போவதில்லை. என்றாலும் நம் கருதுகோள் விலையைப் பற்றியதல்ல, வாதத்தைப் பற்றியது. எனவே சேதமின்றித் தப்புகிறது. ஆய்வேடுகளில் இது அனுமதிக்கப்பட்ட உத்தி.

வைத்திருத்தல் என்பது தனித்துறை. இந்தக் கருவியைக் கைபேசியில் செருக முடியாது. இதற்கென்றே ஓர் ஆம்ப்ளிஃபயர் வேண்டும். அந்தப் பெட்டியிலும் இரண்டு சமயங்கள். ஸ்டாக்ஸின் பழைய மாதிரிகளுக்குப் படலத்தில் 230 வோல்ட், ஆறு முள் செருகி. 1980களின் தொடக்கத்தில் வந்த புரோ வகைக்கு 580 வோல்ட், ஐந்து முள். அறுமுள்ளார் ஐந்து துளைச் சாக்கெட்டில் நுழைய முடியாது. ஐம்முள்ளார் ஆறு துளையில் நுழையலாம். ஆனால் குறைந்த மின்னழுத்தத்தில் குரல் கம்மிப் பாடுவார்கள். காஸ் 600 வோல்ட்டோடும் தனக்கென்று ஒரு செருகியோடும் ஒதுங்கி நிற்கிறது.

பழுதுகளில் தலையாயது ஒருபக்கச் சோர்வு. நடுவில் நிற்க வேண்டிய பாடகர் மெல்ல மெல்ல இடப்பக்கம் நகர்ந்துவிடுவார். பெரும்பாலும் மின்னூட்டம் கசிவதே காரணம்: இடைவெளிக்குள் புகுந்த தூசியோ முடியோ, மழைக்கால ஈரமோ, படலத்தின் மேல் தேய்ந்துபோன பூச்சோ. பழுதுபார்ப்பின் முதல் படிக்குத் திருப்புளி வேண்டாம். ஹெட்ஃபோனைப் பக்கம் மாற்றி மாட்ட வேண்டும். வலது இடக்காதில், இடது வலக்காதில். சோர்வும் கூடவே பக்கம் மாறினால் பழுது கருவியில். மாறாமல் அதே காதில் நின்றால் பழுது காதில். மருத்துவரிடம் குரும்பி எடுத்துக்கொண்டால் பெருஞ்செலவு மிச்சம். கருவியில்தான் என்று உறுதியானால், பெட்டிக்குப் பாட்டு கொண்டுவரும் இடது வலது வயர்களை மாற்றிச் செருகிப் பார்க்க வேண்டும். அப்போதும் அதே காதுக் குவளை சோர்ந்தால் பெட்டி அல்லது ஹெட்ஃபோன்; பக்கம் மாறினால் இரண்டும் நிரபராதி. செருகியைப் பிடுங்கி ஓர் இரவு சும்மா விட்டாலே மின்னூட்டம் வடிந்து, ஒட்டியிருந்த தூசி விடுபட்டுச் சரியாவதும் உண்டு. இம்மருத்துவத்தில் வேறெந்த முறையையும்விட இதற்கே வெற்றி அதிகம் என்று உரிமையாளர்கள் நம்புகிறார்கள்.

அடுத்த நிலை அறுவை சிகிச்சை. ஸ்டாக்ஸின் பழைய லாம்டா மாதிரிகளில் உள்ளே வைத்த நுரைப்பஞ்சு காலப்போக்கில் உதிர்ந்து கரும்பொடியாகிறது. தூசி புகாமலிருக்க வைத்ததே தூசியாகும் இந்நிகழ்ச்சி தத்துவத் துறைக்குரியது, இங்கு விரிக்கப்படவில்லை. தலைக்கு மேல் வளையும் பிளாஸ்டிக் வில் விரிசல் விடும். துணிந்தவர்கள் படலத்தையே மாற்றுகிறார்கள். புதியதை இழுத்து ஒட்டி, மின்சாரத்தை மிக மெதுவாக மட்டுமே ஓடவிடும் பூச்சைத் தடவவேண்டும். இழுப்புக் குறைந்தால் படலம் தட்டோடு போய் ஒட்டிக்கொள்ளும். கூடினால் மிருதங்கத்தின் தொப்பி மாயமாகி வலந்தலை மட்டும் கேட்கும்.

1998இல் வந்த ஸ்டாக்ஸ் எஸ்ஆர்-007இன் ஒரு குணத்தைக் குறிப்பிடாமல் போனால் ஆய்வு முழுமை பெறாது. குவளையைக் காதோடு அழுத்தினால் உள்ளே அடைபட்ட காற்று படலத்தைத் தள்ள, ஒரு சத்தம் வரும். அதற்கு ரசிகர் வட்டாரத்தில் வழங்கும் பெயரை இக்கட்டுரை அச்சேற்றாது. வயிற்றுக் கோளாறு சம்பந்தப்பட்டது என்பதோடு நிற்போம். எஸ்ஆர்-007இன் இரண்டாம் பதிப்பில் காற்றுக்கு ஒரு சிறு துளை வந்தது. வாங்கியவர்களில் பலர் முதல் வேலையாக, சுவரில் படம் ஒட்டும் பசைக்களிமண்ணால் அந்தத் துளையை அடைத்தார்கள். கீழ்ச்சுரம் அப்போதுதான் சரியாக இருக்கிறதாம். இது குணமா பழுதா என்ற வாதம் நம் கருதுகோளுக்குக் கிடைத்த மிகச் சிறந்த சான்று.

இனி ஒப்பிடல். எஸ்ஆர்-009இன் வீச்சு 5 முதல் 42,000 ஹெர்ட்ஸ் வரை என்கிறது ஸ்டாக்ஸ். இளம் மனிதச் செவியே 20,000இல் நின்றுவிடும். இதை வாங்கும் வசதி வரும் வயதில் அந்த எல்லை இன்னும் இறங்கியிருக்கும். வீட்டில் நாய் இருந்தால் அதற்கு 42,000 வரை கேட்கும். அதன் மதிப்புரை எதுவும் இதுவரை வெளிவரவில்லை.

ஒப்பிடுவோர் செய்யும் முதல் தவறு ஒலியளவைச் சமன் செய்யாமை. சற்றே உரக்கப் பாடுவதுதான் எவர் காதிலும் ‘தெளிவாக’ விழும். அடுத்த சிக்கல், கண்ணைக் கட்டிக்கொண்டாலும் தலைக்குத் தெரிந்துவிடும். எடையும் மெத்தையின் பிடியும் எது எது என்று காட்டிக் கொடுக்கும். ஒலிக்கருவி தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் அவர் குழுவும் 2013இல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒரே ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, மற்றவற்றின் அதிர்வெண் நடத்தையைக் கணினி வழியே அதில் பாவித்துக் காட்டினார்கள். 2017இல் ஆய்வாளர் ஜெரோன் பிரீபார்ட் 283 ஹெட்ஃபோன்களின் அளவீடுகளை விலையோடு வைத்துப் பார்த்து, அதிர்வெண் நடத்தைக்கும் விலைக்கும் தொடர்பில்லை என்று எழுதினார். எலக்ட்ரோஸ்டாடிக் உரிமையாளர்களிடம் இதற்கு விடை தயாராக இருக்கிறது: தங்கள் கருவியின் பெருமை அதிர்வெண்ணில் இல்லை, சிதைவு குறைந்த வேகத்தில் இருக்கிறது. சிதைவு குறைவு என்பது அளவீட்டிலும் உண்மை. வேகம் என்று அவர்கள் சொல்வது எது என்பதில்தான் வாதம் மறுபடி தடிக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒன்று வாங்கியே தீருவேன் என்னும் வாசகருக்கு ஒரு சொல். ஜப்பானிலிருந்து நேராகத் தருவிக்கும் பெட்டியின் முதுகைப் பாருங்கள். 100 வோல்ட் என்று இருக்கும். நம் சுவரில் வருவது 230. சில பழைய பெட்டிகளில் உள்ளிணைப்பை மாற்றி அமைக்கலாம். பல புதியவற்றில் முடியாது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கேட்டால் கடைக்காரர் 110 வோல்ட்டுக்கானதை எடுத்து நீட்டுவார். 100 என்று கேட்டு வாங்குங்கள்.