மாமா, பத்திரம் முடிந்தது!

பரெய்ரோ,
போர்ச்சுகல்.

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா?

வீடு வாங்கிவிட்டோம். கிரயமும் ஆகிவிட்டது. சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் காலமெல்லாம் உட்கார்ந்து ஊராருக்கெல்லாம் பத்திரம் எழுதிக் கொடுத்தவருக்கு இந்தச் சேதியை வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் அனுப்பினால் மரியாதையாக இருக்காது. அதோடு, அனுப்பிய மறு நிமிஷமே "வில்லங்கம் பார்த்தியா, வாரிசு எத்தனை பேர்?" என்று போன் செய்வீர்கள். அதனால்தான் கடிதம்.

வீடு லிஸ்பனில் இல்லை. அங்கே வாங்குகிற ஜாதகம் நம் வீட்டில் யாருக்கும் கிடையாது. தேஜோ ஆற்றுக்குத் தென்கரையில் பரெய்ரோ என்று ஒரு ஊர், முன்பு ரசாயன ஆலைகளுக்குப் பேர் போனது. காலையில் படகேறினால் லிஸ்பன் நடுச் சதுக்கத்திலேயே இறக்கிவிடும். இவர் படகில்தான் வேலைக்குப் போகிறார் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். மாப்பிள்ளை கடலுக்குப் போகிறார் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்களாம். நீங்களாவது கொஞ்சம் திருத்துங்கள்.

இங்கே வீடு வாங்கப் பணத்துக்கும் முன்னால் வேண்டியது 'நிஃப்' என்ற ஒன்பது இலக்க வரி எண். அது இல்லாமல் பத்திரமும் இல்லை, கரண்ட் கனெக்‌ஷனும் இல்லை. ஒரு காப்பி குடித்தால்கூடக் கடைக்காரர் பில்லில் அந்த எண்ணைப் போடவா என்று கேட்கிறார். எண் போட்ட பில்லையெல்லாம் சேர்த்து அரசாங்கம் குலுக்கல் வேறு நடத்துகிறது. 2014-ல் ஆரம்பித்தபோது பரிசு ஆடி கார். மனுஷனை பில் கேட்க வைக்க என்னவெல்லாம் செய்ய வேண்டியிருக்கிறது பாருங்கள்.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். வில்லங்கம் பார்த்தேன். 15 யூரோ கட்டினால் ஒரு குறியீட்டு எண் தருகிறார்கள். அதைப் போட்டால் யார் பெயரில் இருக்கிறது, அடமானம் உண்டா, ஜப்தி உண்டா என்று ஆறு மாதத்துக்கு எப்போது வேண்டுமானாலும் கம்ப்யூட்டரில் பார்க்கலாம். ஈ.சி. நம் ஊரிலும் ஆன்லைனில் வந்துவிட்டது என்பீர்கள். நம் ஊர் வியாதியும் இங்கே வந்திருக்கிறது மாமா. பதிவுத்துறை ஒரு பரப்பளவு சொல்கிறது, வரித்துறை ஏடு இன்னொன்று சொல்கிறது. ஒருவர் பால்கனியை எண்ணியிருக்கிறார், மற்றவர் எண்ணவில்லை. அதைச் சரிசெய்யவே ஒரு பருவம் போய்விட்டது.

வாரிசு விஷயத்துக்கு நீங்கள் வந்திருக்க வேண்டும். வீட்டுக்கார அம்மாள் காலமாகிவிட்டார். நான்கு பிள்ளைகள். மூத்தவன் பாரிஸில், அடுத்தவள் லக்ஸம்பர்க்கில், மூன்றாமவன் கனடாவில், கடைசிப் பெண் மட்டும் இதே கட்டடத்தில் கீழ்த்தளத்தில். பிழைப்புக்காக நாட்டை விட்டுப் போகாதவர் இல்லாத குடும்பம் இங்கேயும் அபூர்வம்தான். பாகம் பிரிக்காத சொத்து என்பதால் நால்வரும் சம்மதிக்க வேண்டும், அவரவர் கணவன் மனைவி கையெழுத்தும் வேண்டும். பவர் பத்திரங்கள் ஒவ்வொரு தேசத்திலிருந்தும் ஒவ்வொரு வேகத்தில் வந்தன. விற்பதில் யாருக்கும் தகராறு இல்லை, விலையிலும் இல்லை. சாப்பாட்டு அறையில் அம்மாள் வைத்திருந்த கண்ணாடி அலமாரி யாருக்கு என்பதில்தான் பாரிஸும் லக்ஸம்பர்க்கும் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டன. கடைசியில் அது எங்களோடேயே தங்கிவிட்டது. கீழ்வீட்டுப் பெண் வாரம் ஒரு முறை மேலே வந்து அதைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகிறாள்.

அக்ரிமெண்ட் போடும்போது நீங்கள் ரசிக்கிற மாதிரி ஒன்று. வழக்கமாக 10 சதவீதம் முன்பணம். நாம் பின்வாங்கினால் அது போயிற்று. விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும், சிவில் சட்டத்திலேயே இருக்கிறது. நம் ஊரில் அச்சாரம் வாங்கியவர் மனம் மாறினால் அசலை வாங்கவே செருப்பு தேய வேண்டும், இல்லையா? அதெல்லாம் சரி என்று நிம்மதியாக இருந்தால், நகராட்சிக்கு முன்னுரிமை உண்டு என்றார்கள். விலையைப் போட்டு அறிவிப்பு கொடுத்துவிட்டு 10 வேலை நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் "அதே விலைக்கு நாங்களே எடுத்துக்கொள்கிறோம்" என்று அவர்கள் சொன்னால் நாம் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். எங்கள் வீட்டின் மேல் நகராட்சிக்கு ஆசை வரவில்லை. கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

முத்திரை வரி 0.8 சதவீதம்தான். 7 சதவீதமும் பதிவுக்கு 2 சதவீதமும் கட்டிப் பழகிய ஊர்க்காரிக்கு எப்படி இருந்திருக்கும்? ஆனால் பக்கத்திலேயே ஐ.எம்.டி. என்று இன்னொரு வரி நிற்கிறது, விலை ஏற ஏற அதன் விகிதமும் ஏறும். 2024 ஆகஸ்டிலிருந்து, 35 வயதுக்குள் முதல் வீடு வாங்குகிறவர்களுக்குக் குறிப்பிட்ட விலை வரை இந்த இரண்டு வரியும் இல்லை. எனக்கு 38, இவருக்கு 41. இளமையின் அருமை எனக்கு அந்தக் கவுண்டரில்தான் புரிந்தது.

கிரயம் நோட்டரி முன்னால் நடந்தது. பத்திரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அவர் உரக்க வாசிக்க வேண்டும் என்பது முறை. நீங்கள் செக்குபந்தி வாசிக்கும்போது மூச்சு விடமாட்டீர்களே, அந்த அம்மாள் உங்களையும் மிஞ்சிவிட்டார். எனக்கு மொழி போதாது என்பதால் மொழிபெயர்ப்பாளர் கட்டாயம். தமிழும் போர்த்துகீசும் கலந்த ஞானோபதேசப் புத்தகம் ஒன்றை ரோமன் எழுத்தில் 1554-லேயே அச்சடித்த ஊர் லிஸ்பன். ஆனால் எனக்கு ஒரு தமிழ் ஆள் கிடைக்கவில்லை. ஒரு கோவாக்காரப் பெரியவர் வந்து ஆங்கிலத்தில் சொன்னார். நோட்டரி ஒரு பக்கம் வாசித்தால் அவர் "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். பேங்க் செக் கைமாறியதும் சாவி வந்தது.

குளிரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஐரோப்பா என்றால் வீட்டுக்குள் கதகதப்பாக இருக்கும் என்று அத்தை நினைத்துக்கொண்டிருக்கிறார். பழைய வீடுகளில் ஹீட்டர் குழாய் என்ற ஏற்பாடே இல்லை. 2023 கணக்கெடுப்பில், வீட்டைச் சூடாக வைத்துக்கொள்ள முடியவில்லை என்று சொன்னவர்கள் இங்கே ஐந்தில் ஒருவர். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஸ்பெயினோடு சேர்ந்து முன்வரிசை. எங்கள் வீடு ஜனவரியில் மண்பானைதான். வெளியே வெயிலில் 15 டிகிரி, உள்ளே அதைவிடக் குறைவு. விருந்தாளி வந்தால் கோட்டைக் கழற்றச் சொல்லமாட்டோம், நாங்களும் மாட்டிக்கொள்வோம். சுவரில் பூஞ்சை படரும். ஈரத்தை உறிஞ்ச ஒரு மெஷின் ஓடுகிறது. காலையில் அதிலிருந்து நான் கொட்டுகிற தண்ணீரில் ஒரு துளசிமாடமே வளர்க்கலாம்.

அதனாலேயே இங்கே திசை பார்க்காமல் யாரும் வீடு வாங்குவதில்லை. காலை வெயிலா, மாலை வெயிலா என்று விளம்பரத்திலேயே போடுகிறார்கள். எங்களுக்குக் கூடம் கிழக்கு பார்த்தது. சமையலறை அக்னி மூலையில் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அங்கே வைத்தால் அடுப்பு மாடிப்படியில் இருக்கும்.

கடைசியாக, உங்கள் மாப்பிள்ளை விஷயம். ஒரு வீடு வாங்கினால் ஐரோப்பாவில் குடியுரிமைக்கு வழி என்று யாரோ ஏஜென்ட் அவரிடம் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். போர்ச்சுகல் 2012-ல் அப்படி ஒரு விசா கொண்டுவந்தது உண்மை. வீடு வாங்கி அதைப் பெறும் வழியை 2023 அக்டோபரில் அடைத்துவிட்டார்கள். ஸ்பெயினிலும் 2025 ஏப்ரல் 3-ஓடு முடிந்தது. கிரீஸில் இன்னும் உண்டு, ஆனால் ஏதென்ஸ் மாதிரி இடங்களில் 8 லட்சம் யூரோ. அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள். அந்த ஏஜென்ட்டுக்கு ஒரு பைசா முன்பணம் கொடுக்க வேண்டாம்.

நீங்களும் அத்தையும் அவசியம் வர வேண்டும். மே மாதம் வாருங்கள். ஜனவரியில் வேண்டவே வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்