‘நைஸ்’ என்ற சொல்லை ஒழிப்பது எப்படி?

ஆங்கிலத்தில் மெயில் எழுதும்போது ‘நைஸ்’ என்று போட்டதும் உங்களுக்குள் ஒரு கூச்சம் வருகிறதல்லவா? எல்.கே.ஜி. பிள்ளைகூடச் சொல்கிற சொல். பட்டமெல்லாம் வாங்கிவிட்டு அதையே எழுதினால் கட்டிய ஃபீஸுக்கு என்ன மரியாதை? பார்த்தவர் மிரளும்படி வேறு சொல் போட வழி சொல்கிறேன். பின்விளைவுக்கு நான் பொறுப்பில்லை.

கம்ப்யூட்டரில் வேர்டைத் திறந்து, ‘நைஸ்’ மேல் கர்சரை வைத்து ஷிஃப்ட்டையும் எஃப்7-ஐயும் சேர்த்து அழுத்துங்கள். ஒத்த பொருள் தரும் சொற்களை அடுக்கிக் காட்டும் தெசாரஸ் வந்து நிற்கும். அதில் ‘ப்ளஸன்ட்’ மாதிரி தெரிந்த முகங்களைத் திரும்பியும் பார்க்காதீர்கள். எது உங்களுக்குச் சுத்தமாகப் புரியவில்லையோ அதுதான் உயர்ந்த சொல். ‘டிலெக்டபிள்’ கண்ணில் பட்டால் விடாதீர்கள். இன்டர்வியூ முடிந்து மேனேஜருக்கு நன்றி மெயில் எழுதும்போது, ‘நீங்கள் மிகவும் டிலெக்டபிள்’ என்று தட்டிவிடுங்கள். நாக்கில் எச்சில் ஊற வைக்கும் பண்டத்துக்குச் சொல்வது அது. மேனேஜர் உங்களை மறக்கவே மாட்டார்.

மாமியாரைப் புகழ வேண்டுமா? ‘ஃபாஸ்டிடியஸ்’. எதைச் செய்து கொடுத்தாலும் நொட்டை சொல்பவர் என்று பொருள். உண்மையாகவே இருக்கலாம், எழுத்தில் கொடுப்பதுதான் வம்பு.

இதுவா ‘நைஸ்’ஸுக்குச் சொந்தம் என்று கேட்காதீர்கள். ‘ஒன்றும் தெரியாதவன்’ என்று பொருள்படும் லத்தீன் ‘நெஸ்கியஸ்’ஸிலிருந்து வந்த சொல் அது. 1300 வாக்கில் இங்கிலாந்தில் ஒருவரை நைஸ் என்றால் முட்டாள் என்று அர்த்தம். பிறகு அசட்டுக் கூச்சம், நொட்டை, நுணுக்கம் என்று நகர்ந்து, 18-ஆம் நூற்றாண்டில்தான் ‘இனிமையான’ என்ற இடத்துக்கு வந்தது. பழைய அர்த்தங்கள் சில காலி பண்ணாமல் பின்கட்டிலேயே குடியிருக்கின்றன. ஆகவே ஜட்ஜ் ‘நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்றால் யாரோ நல்ல மார்க் வாங்கியதாக எண்ணிக் கை கொடுக்கப் போகாதீர்கள். நூலிழை வித்தியாசம் என்கிறார். ஆங்கிலேயர் உங்கள் வேலையைப் பார்த்து ‘நைஸ் மெஸ்’ என்றால் அது சாப்பாட்டு மெஸ் அல்ல, நீங்கள் பண்ணிவைத்த அலங்கோலம்.

எதற்கெடுத்தாலும் நைஸ் என்பதை ஜேன் ஆஸ்டினே கிண்டலடித்துவிட்டார். 1817 கடைசியில் வெளியான ‘நார்த்தாங்கர் அபே’ நாவலில் ஹென்றி டில்னி, கேதரினை இந்த ஒரு சொல்லுக்காக வாங்கு வாங்கென்று வாங்குகிறான். 200 வருஷமாகியும் சொல் அசையவில்லை. நீங்கள் முயல்வது எவ்வளவு பெரிய காரியம் என்று பாருங்கள்.

தெசாரஸைத் தொகுத்த பீட்டர் மார்க் ரோஜே ஒரு டாக்டர். 1852-இல் அது வெளிவந்தபோது அவருக்கு வயது 73. அகர வரிசையை விட்டுவிட்டு, கருத்துகளை 1000 தலைப்புகளாகப் பிரித்துச் சொற்களை அடுக்கினார். அர்த்தம் மட்டும் எழுதவில்லை. ஏற்கெனவே தெரிந்த சொல், எழுதும் நேரத்தில் வாயில் வராமல் நிற்குமே, அதைப் பிடித்துக் கொடுக்கத்தான் புத்தகம். இந்த ரகசியத்தை மாணவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். பாதிக் கட்டுரைகள் புரிய ஆரம்பித்துவிடும்.

நம் ஊரிலும் பொருள்வாரியாகச் சொற்களை அடுக்கிய நிகண்டுகள் உண்டு. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பையன்கள் அவற்றை மனப்பாடம் செய்தார்கள். திவாகரம் என்ற நிகண்டில், ஒரே சொல்லுக்குப் பல பொருள் இருக்கிறது என்று காட்டவே தனித் தொகுதி வைத்திருக்கிறார்கள். ஷிஃப்ட்-எஃப்7 வசதி இல்லாததால் நிதானமாக யோசித்திருக்கிறார்கள், பாவம்.

தமிழில் எழுதும்போது மட்டும் இந்த வைத்தியம் வேண்டாம். மாவை நைசாக அரைக்கிறோம், கல்யாணத்தில் மொய் எழுதும் நேரம் பார்த்து நைசாக நழுவுகிறோம், ஆகவேண்டிய காரியத்துக்கு ஆளை நைஸ் பண்ணுகிறோம். மூன்றும் வேறு வேறு வேலை. கிரைண்டர் முன்னால் நின்று ‘மாவை டிலெக்டபிளாக அரை’ என்று சொன்னால் அன்றைக்கு இட்லி கிடைக்காது.

‘குட்’, ‘வெரி’ இரண்டையும் ஒழிக்கும் முறையும் கைவசம் இருக்கிறது. அந்த மேனேஜரிடமிருந்து பதில் வந்ததும் தெரிவியுங்கள். அதைப் பார்த்துக்கொண்டு மேலே போகலாம்.