எண்ணும் எழுத்தும் மயங்குதல்: திண்டுக்கல் பூ மார்க்கெட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

பாயிரம்

எழுத்தை எண்ணாக்குவதும் எண்ணை எழுத்தாக்குவதும் ஆர் என்னும் கணினி மொழியில் அன்றாடம் நடப்பவை. புள்ளிவிவரக் கணக்குப் போடுவோர் உலகமெங்கும் அந்த மொழியைத்தான் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். இப்பொருள் குறித்து இதுவரை எவரும் ஆராயவில்லை என்று தொடங்குவது மரபு. நூறு பேர் ஆராய்ந்திருந்தாலும் அப்படித்தான் தொடங்க வேண்டும். ஆகவே, இதுவரை எவரும் ஆராயவில்லை.

ஆய்வு எல்லை: திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் முதல் பூ மார்க்கெட் வரை, நடுவிலுள்ள டீக்கடை உட்பட. கேட்போர்: இல்லை. பயன்: பதவி உயர்வுக்கு வேண்டிய மதிப்பெண்.

சொற்பிறப்பு

நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ரோஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இருவர் 1990களின் தொடக்கத்தில் இம்மொழியை ஆக்கினர். பதிப்பு 1.0.0 வெளிவந்தது 2000 பிப்ரவரி 29 அன்று. நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் பிறந்தநாள் வரும். இருவர் பெயரின் முதலெழுத்தே மொழிக்குப் பெயராயிற்று என்பர் ஒரு சாரார். பெல் ஆய்வகத்தில் 1976இல் பிறந்த எஸ் மொழிக்குத் தம்பி என்பதால் அப்பெயர் என்பர் மறுசாரார்.

இரண்டும் பொருந்தா. சோழர் சூடிய ஆத்திப் பூவுக்கு ஆர் என்றே பெயர். பூ என்றால் மார்க்கெட். மார்க்கெட் என்றால் திண்டுக்கல். மேலும், ஆக்லாந்து என்பது 'ஆக்கல் + அந்து' என்பதன் மரூஉ. அந்து என்பது அரிசிப் பானையிலிருந்து கிளம்பும் பூச்சி. 1947இல் ஹார்வர்டு மார்க் 2 கணினியின் ரிலேயில் மாட்டிச் செத்ததும் அந்துப்பூச்சியே. இதற்குமேல் சான்று வேண்டுமா? இதைவிடக் குறைந்த சான்றில் டாக்டர் பட்டம் வாங்கியோர் உண்டு. அவர்களில் சிலர் எனக்குத் தேர்வாளராக வந்திருக்கிறார்கள்.

திணை

தொல்காப்பியர் சொல்லுலகை உயர்திணை, அஃறிணை என இரண்டாகப் பகுத்தார். ஆர் மொழியில் திணைகள் இன்னும் சில உண்டு. ஆம்-இல்லை என்னும் லாஜிக்கல், முழு எண்ணாகிய இன்டிஜர், தசம எண்ணாகிய டபுள், எழுத்தாகிய கேரக்டர் ஆகியவை நமக்குப் போதும். ஒரே வரிசையில் இவற்றைக் கலந்து உட்காரவைத்தால் கீழுள்ளது மேலுள்ளதாக மாறும். எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது எழுத்து. ஆயிரம் எண்களுக்கு நடுவே ஒரே ஒரு எழுத்து வந்து உட்கார்ந்தால் ஆயிரமும் எழுத்தாகிவிடும். வேனில் ஒருவர் மாலை போட்டுக் காவடியோடு ஏறினால் மொத்த வேனும் பழனிக்குப் போவதை ஒப்பிடுக.

இம்மாற்றத்தில் தவறு நேர்ந்தால் ஆர் இருவகையாகப் பேசும். 'எர்ரர்' என்றால் வேலை நின்றுவிடும். 'வார்னிங்' என்றால் முணுமுணுத்துவிட்டுத் தொடரும். இலக்கணிகள் முன்னதை வழு என்றும், பின்னதை வழுவமைதி என்றும் கொள்க. மூன்றாவது வகையும் ஒன்று உண்டு. அதில் ஒரு சத்தமும் வராது. இக்கட்டுரை அதைப் பற்றியது.

கெடுதல்

3.9 என்பதை 'ஆஸ் டாட் இன்டிஜர்' என்னும் ஏவலால் முழு எண்ணாக்கினால் 3 ஆகும், தசமம் கெடும், வாங்கித் தருவார் இல்லை (ஒப்புநோக்குக: கண்டக்டர் டிக்கெட்டின் பின்புறம் எழுதித் தந்த மீதிச் சில்லறை).

திரிதல்

எண் எழுத்தாகத் திரிவது எளிது. மளிகைக் கடையில் இரண்டு ரூபாய் மிட்டாயாகத் திரிவது போன்றது. மிட்டாயை மறுபடி ரூபாயாக்க முயல்க. கடைக்காரர் தருவது வழுவா, வழுவமைதியா என்று குறித்துக்கொள்க.

கிலோ முழமாவதும் திரிதலே. மார்க்கெட்டில் கிலோக் கணக்கில் ஏறும் மல்லி, கோயில் வாசலில் முழக் கணக்கில் இறங்குகிறது. முழம் என்பது விற்பவர் கை. முகூர்த்த நாளில் அக்கை சுருங்கும் இயல்புடைத்து (வாய்மொழி: டீக்கடை, இரண்டாம் டீ).

தோன்றல்

திண்டு + கல் சேர்ந்தால் நடுவில் ஒரு 'க்' தோன்றுகிறதல்லவா? அப்படியே எழுத்தை எண்ணாக்கும்போது 'என்ஏ' என்று ஒன்று தோன்றும். 'உண்டு, ஆனால் தெரியாது' என்பது அதன் பொருள். '1,25,000' என்று அழகாகக் காற்புள்ளி இட்ட எழுத்தை 'ஆஸ் டாட் நியூமெரிக்' என்னும் ஏவலிடம் கொடுத்தால் என்ஏதான் வரும். ஒன்றேகால் லட்சம் கண்ணெதிரே காணாமல் போகும். ஆனாலும் அது நேர்மையான காணாமல் போதல். ஏனெனில் வார்னிங் வருகிறது.

ஃபேக்டர், அல்லது இக்கட்டுரை எழுதப்பட்ட காரணம்

ஃபேக்டர் என்பதைக் 'காரணி' என்று தமிழாக்குவர் கலைச்சொல்லறிஞர். எதற்குக் காரணம் என்று கேட்டால் அடுத்த கூட்டத்தில் சொல்வதாகச் சொல்வர். வெளியே பார்த்தால் அது எழுத்து. உள்ளே இருப்பது எண். எழுத்துகளை அகரவரிசையில் அடுக்கி ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டு, அந்த நம்பரை மட்டும் உள்ளே வைத்துக்கொள்ளும். ஊருக்கு மாம்பழம், வீட்டுக்குள் மாங்கொட்டை.

பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரின் பில் புத்தகத்திலிருந்து ஒரு வார மல்லி விலையைப் படியெடுத்தேன் (மூலச்சுவடி: கார்பன் நகல்; இடப்பக்கம் பூக்கூடைத் தண்ணீரில் நனைந்தது; நனைந்த பகுதியின் வாசகம் குறித்து இரு கருத்துகள் உண்டு; இரண்டும் என்னுடையவை). கிலோ விலை வருமாறு: 800, 1200, 650, 900, 2000. ஆறாம் நாள் 'லீவு' என்று எழுதியிருந்தது. அதையும் சுவடிப் பற்றின் காரணமாக அப்படியே ஏற்றினேன்.

அந்த ஒரு 'லீவு' காவடியோடு வேனில் ஏறிவிட்டது. ஐந்து விலையும் எழுத்தாயின. 2020 ஏப்ரலில் வந்த 4.0.0 பதிப்புக்கு முன்புவரை, கோப்பிலிருந்து ஏற்றும் எழுத்தையெல்லாம் கேட்காமலே ஃபேக்டராக்குவது ஆர் மொழியின் வழக்கம். என் கணினியில் இருப்பது அதற்கு முந்தியது. பழையன போற்றுதல் எம் குடிப்பண்பு. இனி அகரவரிசை. எழுத்தாகப் பார்த்தால் 1200 முதலில் வரும், அடுத்து 2000, பின் 650, 800, 900, கடைசியாக லீவு. ஏனெனில் எழுத்துக்கு மதிப்புத் தெரியாது, முதல் எழுத்துதான் தெரியும். திருமண அழைப்பிதழில் பெயர் அடுக்குவோர் இதை உணர்வர்.

பிறகு எண்ணாக்கினேன். நேராக, ஆஸ் டாட் நியூமெரிக். எர்ரர் இல்லை, வார்னிங் இல்லை, திரையில் ஒரு சலனமும் இல்லை. மல்லி விலை கிலோ 4 ரூபாய், 1 ரூபாய், 3 ரூபாய், 5 ரூபாய், 2 ரூபாய் என வந்தது. லீவு 6 ரூபாய். வாரத்தில் அதிக விலைக்குப் போனது லீவுதான். சராசரி 3.50. இரண்டு தசம இடத்தோடு வந்ததால் நம்பினேன்.

முடிவை அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன்.

"மூணர ரூவாய்க்கு மல்லியா? கட்டுற நாருக்கே பத்தாதே சார்."

"லீவு ஆறு ரூபாய்க்குப் போயிருக்குண்ணே."

"லீவுன்னா லீவு. அதுக்கு எப்புடி சார் வெல வரும்?" (வாய்மொழி: மேற்படி டீக்கடை, மூன்றாம் டீ. பாடபேதம்: 'அதுக்கு ஏது வெல?' பாடபேதத்துக்குச் சான்று டீ ஆற்றியவர். அவர் அப்போது ரேடியோ கேட்டுக்கொண்டிருந்ததால் அப்பாடம் இடைச்செருகல் எனக் கொள்வாருமுண்டு. கொள்வார் யான் ஒருவனே.)

சரியான வழி இதுதான்: ஃபேக்டரை முதலில் எழுத்தாக்கி, அதன்பின் எண்ணாக்க வேண்டும். அப்போது ஐந்து விலையும் உள்ளபடி வரும், லீவு என்ஏ ஆகும், வார்னிங்கும் வரும். சராசரி கேட்டால் என்ஏ என்றே பதில் வரும். ஒரு நாள் லீவு விட்ட பாவத்துக்கு வாரம் முழுதும் தெரியாது என்கிறதே என்று எரிச்சல்படாமல், என்ஏவை விலக்கிக் கேட்டால் 1110 கிடைக்கும்.

லீவை வரிசையிலிருந்து நீக்கினாலும் ஃபேக்டர் அதை மறப்பதில்லை. எண்ணிப் பார்க்கச் சொன்னால் 'லீவு: 0' என்று ஓர் இடம் போட்டு வைக்கும். இதில் வியப்பில்லை. 1957 ஏப்ரல் 1 அன்று அணா போய் நயா பைசா வந்தது. நாலணா 25 பைசா ஆயிற்று. 2011 ஜூன் 30 முதல் 25 பைசாவும் செல்லாது. இன்றும் 'நாலணாவுக்குப் பிரயோஜனம் இல்லாதவன்' என்று என்னைச் சொல்வோர் வீட்டிலேயே உண்டு. மதுரையிலிருந்து 1985 செப்டம்பர் 15 அன்று பிரிந்த நம் மாவட்டம் இடையில் திண்டுக்கல் அண்ணா மாவட்டமாக இருந்தது. அந்தப் பெயர் போய்விட்டது. பழைய ரப்பர் ஸ்டாம்புகள் போகவில்லை. ஆள் இல்லாத இடத்துக்கும் இலை போட்டு வைப்பதில் ஆர் மொழி நம்ம ஊர்தான்.

ஆய்வாளர் பிழை

பூ வியாபாரி சிரித்த அதே வேலையை நம் துறையார் முகம் மாறாமல் செய்கிறார்கள். 'தங்கள் வாழ்க்கை திருப்தியாக உள்ளதா?' என்று கேட்டு, 'மிக ஏற்கிறேன்' என்றால் 5, 'ஏற்கிறேன்' என்றால் 4, 'கருத்தில்லை' என்றால் 3 என்று போடுகிறார்கள். 1932இல் ரென்சிஸ் லிக்கர்ட் காட்டிய அளவுகோல் இது. அந்த எண்கள் வெறும் வரிசை எண்கள். அவற்றைக் கூட்டலாமா என்ற சண்டையை 1946இல் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் கிளப்பினார். இங்கே சண்டை ஏது? கூட்டி, வகுத்து, திருப்தி 3.67 என்று பைண்டு போட்டுவிடுகிறோம். 'கருத்தில்லை' என்றவரும் அந்தச் சராசரிக்குள் இருக்கிறார். அவர்தான் நம் லீவு. அவருக்கு 3 ரூபாய்.

என் ஆய்வேட்டிலும் அப்படி ஒரு பட்டியல் உண்டு. பக்க எண் சொல்ல மாட்டேன்.

புறனடை

சொல்லாமல் விட்டவற்றையும் சொன்னவற்றோடு சேர்த்து அறிந்துகொள்க. கணக்குப் போடும் பிள்ளைகளுக்கு ஒன்று: வார்னிங் வந்தால் அதை நிறுத்தி என்னவென்று கேளுங்கள். வராவிட்டாலும், மாற்றியபின் முதல் பத்து வரியையாவது விரல் வைத்துப் படியுங்கள். மல்லி கிலோ மூன்றரை ரூபாய் என்று திரை சொன்னால், கணினியை மூடிவிட்டு மார்க்கெட்டுக்கு ஒரு நடை போய்வாருங்கள். ஆனால் லீவு நாளில் போகாதீர்கள், கடை இருக்காது.